கூரைமேல் ஒரு புல்வெளி: ஒட்டாவாவில் எண்ணிய 660 நாட்கள்

வெயில் நாட்டிலிருந்து வந்த நமக்குக் கனடாவில் கூரை என்றதும் பனிதான் நினைவுக்கு வரும். குளிரைத் தடுப்பதே கூரையின் தலையாய வேலை என்று எண்ணுவோம். பசுங்கூரைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது என்னை நிறுத்தியது, அந்த வரலாறு நேர் எதிர்த்திசையில் போய் முடிந்ததுதான்.

தொடக்கம் என்னவோ குளிர்நாடுகளில்தான். நோர்வேயின் பழைய மரவீடுகளில் பேர்ச் மரப்பட்டைகளை அடுக்கி, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அவற்றின்மேல் பரப்பினார்கள். நீரைத் தடுத்தது பட்டை. பட்டை நகராமல் பிடித்துக்கொண்டது மண்ணின் பாரம். கனடாவின் மேற்குப் புல்வெளிகளில் குடியேறியவர்களும், மரம் அரிதான இடங்களில், புல்தரையை வெட்டியே சுவரும் கூரையும் எழுப்பினார்கள். 1970களிலும் 80களிலும் ஜேர்மனியர்கள் இதை நவீன தட்டைக்கூரைகளுக்கு ஏற்ற தொழில்நுட்பமாக வளர்த்தெடுத்தார்கள்.

ஆனால் கனடாவின் காலநிலையில் இது எவ்வளவு பயன் தரும்? 2000ஆம் ஆண்டு ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்றம் இதை அளக்கத் தொடங்கியது. அதன் வளாகத்தில் இருந்த ஒரு சோதனைக் கட்டடத்தின் கூரையை 36 சதுர மீற்றர் கொண்ட இரண்டு சம பாதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வழக்கமான தார்ப்படலக் கூரை. மறுபாதியில் அதே படலத்தின்மேல் 150 மில்லிமீற்றர் இலேசான மண். அதில் காட்டுப்பூக்களும் புல்லும். 2003இல் வந்த அறிக்கையில் இரண்டு ஆசிரியர்களின் பெயர்கள்: லியூ, பாஸ்கரன். இரண்டாவது பெயரில் நம்மவர்களின் கண் சற்று நின்றுதான் போகும்.

கோடைப் பிற்பகலில் வெற்றுக் கூரையின் படலம் 70 பாகை செல்சியஸைத் தொட்டது. மண்ணுக்குக் கீழே இருந்த படலம் 25 பாகையைச் சுற்றியே நின்றது. கவனித்த 660 நாட்களில் வெற்றுப் படலம் 30 பாகையைத் தாண்டிய நாட்கள் 342. பசுங்கூரையில் 18 மட்டுமே. கூரை வழியே இறங்கும் வெப்பத்தை வெளியேற்ற, வசந்தத்திலும் கோடையிலும் நாளொன்றுக்கு 6 முதல் 7.5 கிலோவாட் மணி வரை தேவைப்பட்டது. பசுங்கூரையின் கீழ் அது 1.5க்கும் குறைவு.

காரணம் எளிது. இலைகள் நிழல் தருகின்றன. மண்ணிலும் செடியிலும் உள்ள ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 கிலோவாட் மணி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்ணின் திணிவு மிச்ச வெப்பத்தையும் தாமதப்படுத்துகிறது.

குளிர்காலத்தில் கதை வேறு. மண் உறைந்ததும் அதன் காப்புத்திறன் குறைந்தது. பனி மூடியபின் இரண்டு பாதிகளுக்கும் பெரிய வேறுபாடே இல்லை; பனியே இரண்டுக்கும் போர்வை ஆனது. மொத்தக் கணக்கில், உள்ளே வரும் வெப்பத்தைப் பசுங்கூரை 95 வீதம் குறைத்தது. வெளியேறும் வெப்பத்தை 26 வீதம்தான்.

2009இல் ரொறன்ரோ மாநகரசபை பசுங்கூரையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. வட அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. 2,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட தளப்பரப்புள்ள புதிய கட்டடங்கள், அளவுக்கேற்ப, கூரையில் 20 முதல் 60 வீதத்தைப் பசுமையாக்க வேண்டும் என்றது. பழைய கட்டடங்களுக்கு ஊக்கத்தொகை இருந்தது, கட்டாயம் இல்லை.

இங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். தடித்த வெப்பக்காப்போடு எழும் புதிய கட்டடத்தில் கூரை மண் மிச்சப்படுத்தும் மின்சாரம் சிறிது. காப்புக் குறைந்த பழைய கட்டடத்தில்தான் அது அதிகம். 1980களில் நம்மவர் பலர் வந்திறங்கிய சென். ஜேம்ஸ் ரவுணின் 1960களின் அடுக்குமாடிகள் அந்தப் பழையவற்றைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றுக்கும் இது முழு மருந்து அல்ல. உச்சிமாடிக்குக் குளிர்ச்சி கிடைக்கும். ஐந்தாம் மாடிக்கு எட்டாது. நனைந்த மண்ணின் பாரத்தைப் பழைய கொங்கிறீற் தாங்குமா என்பது பொறியியலாளர் சொல்ல வேண்டிய விடை.

உயரத்தை விட்டுத் தாழ்வைப் பார்ப்போம். ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் நமது கோயில்களும் மண்டபங்களும் கடைகளும் பல, ஒரே தளமுள்ள தட்டைக்கூரைக் கட்டடங்களில் இயங்குகின்றன. அங்கே கூரைக்கு நேர் கீழேதான் எல்லோரும் உட்காருகிறார்கள். ஆடி மாதத் திருவிழாவும் பல கலியாணங்களும் கோடை வெயிலில்தான் நடக்கின்றன. அடுத்த முறை கூரையைப் புதுப்பிக்க நிர்வாகக் குழு கூடும்போது, குளிரூட்டிக்கு ஒதுக்கும் பணத்தோடு மண்ணையும் ஒரு கணக்காக எழுதிப் பார்க்கலாம். அதற்கான எண்கள் 2003இலிருந்தே நம்மிடம் இருக்கின்றன.