திருமண முன் ஒப்பந்தம் (கலிஃபோர்னியா)

திருமண முன் ஒப்பந்தம் என்பது, மணமுடிக்கவிருக்கும் இருவர் தத்தம் சொத்துகளை மணவாழ்விலும் அதன் முறிவிலும் எப்படிக் கையாள்வது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடும் ஆவணம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1986 ஜனவரி 1 முதல் எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. அது இப்போது அம்மாநிலக் குடும்பச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

சொத்து வகைகள்

ஸ்பானிய, மெக்சிக மரபிலிருந்து வந்த கூட்டுச்சொத்து முறையே கலிஃபோர்னியாவின் அடிப்படை. மனைவியின் தனிச்சொத்தை 1849ஆம் ஆண்டு அரசியலமைப்பே ஏற்றுக்கொண்டது. திருமணத்துக்கு முன் இருந்தவையும், பின்னர் அன்பளிப்பாகவோ வாரிசுரிமையாகவோ கிடைத்தவையும், அவற்றின் வாடகை, லாபம் ஆகியவையும் தனிச்சொத்து. மணவாழ்வில் இருவரும் உழைத்து ஈட்டுவது கூட்டுச்சொத்து. மணமுறிவில் அது சரிபாதியாகப் பிரியும். சம்பளம் அவரவருக்கே, தொழிலின் வளர்ச்சி அதைத் தொடங்கியவருக்கே என ஒப்பந்தத்தின் மூலம் இவ்விதியை மாற்றிக்கொள்ளலாம்.

வரம்புகள்

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; இருவரும் கையெழுத்திட வேண்டும். குழந்தைக்குச் சேரவேண்டிய பராமரிப்புத் தொகையை அது குறைக்க முடியாது. ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுப்பவருக்குக் கையெழுத்திடும்போது சொந்த வழக்கறிஞர் இருந்தாக வேண்டும். அப்படி இருந்தாலும், பின்னாளில் அந்த நிபந்தனை மனசாட்சிக்கு ஒவ்வாததாகத் தெரிந்தால் நீதிமன்றம் அதைத் தள்ளிவிடும்.

பான்ட்ஸ் வழக்கு

பேஸ்பால் வீரர் பேரி பான்ட்ஸ், 1988 பிப்ரவரியில் தம் திருமணத்துக்கு முந்தைய நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். மணப்பெண் ஸ்வீடனைச் சேர்ந்தவர். அவருக்குத் தனி வழக்கறிஞர் இல்லை. 2000இல் மாநில உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் இல்லாதது கருத்தில் கொள்ளவேண்டிய காரணிகளில் ஒன்று மட்டுமே என்று கூறி, அவர் மனமுவந்தே கையெழுத்திட்டார் என்ற கீழ்நீதிமன்ற முடிவை ஏற்றது. இதையடுத்து 2001இல் சட்டமன்றம் விதிகளை இறுக்கியது. ஒப்பந்தத்தைக் காட்டியதற்கும் கையெழுத்துக்கும் இடையே 7 நாள் அவகாசம் தேவை என்றானது. 2020 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில் இந்த 7 நாளை இறுதி வடிவம் கைக்கு வந்ததிலிருந்து கணக்கிட வேண்டும். வழக்கறிஞர் இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

நடைமுறை

ஒப்பந்தம் இல்லாத நிலையில் தனிச்சொத்து எளிதில் கலந்துவிடும். திருமணத்துக்கு முன் கடனில் வாங்கிய வீட்டின் அசலை மணவாழ்வில் ஈட்டிய சம்பளத்திலிருந்து கட்டினால், அந்த வீட்டில் கூட்டுச்சொத்துக்கும் ஒரு பங்கு உருவாகும். சம்பளம் அவரவருக்கே என்று எழுதியிருந்தால் இச்சிக்கல் எழாது. ஆனாலும் வங்கிக் கணக்குகளைத் தனித்தனியே வைத்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது அவசியம். எந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் பொறுப்பு தனிச்சொத்து எனக் கோருபவருடையது. திருமணத்துக்குப் பின் ஒரு சொத்தின் வகையை மாற்ற, 1985 முதல் வாய்ச்சொல் போதாது. பாதிக்கப்படுபவர் வெளிப்படையாக எழுதி ஒப்ப வேண்டும். தம்பதியரின் வசதியை நோக்க அதிக மதிப்பில்லாத நகை, ஆடை போன்ற பரிசுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.