ஊராத்துறையில் கட்டப்பட்ட கப்பல்கள்

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊராத்துறையிலும் (இன்றைய ஊர்காவற்றுறை) மாதோட்டத்திலும் வலிகாமத்திலும் போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன; படைகளும் திரட்டப்பட்டன. இதனைச் சொல்வது இலங்கையிலுள்ள எந்த ஆவணமும் அல்ல. தொண்டை மண்டலத்துத் திருவாலங்காட்டுக் கோயிற் கல்வெட்டு. இரண்டாம் இராசாதிராச சோழனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. எமது கரையோர ஊர்களின் பெயர்கள் சோழரின் போர்ச் செய்தியொன்றில் ஏன் இடம்பெற்றன என்பதை அறிய, நாம் மதுரைக்குச் செல்ல வேண்டும்.

ஏறத்தாழ 1169இல் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் போட்டியிட்டனர். முற்றுகைக்குள்ளான பராக்கிரம பாண்டியன் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வந்து சேருமுன் மதுரை வீழ்ந்தது, பாண்டியன் கொல்லப்பட்டான். ஆயினும் தண்டநாயகன் இலங்காபுரன் திரும்பவில்லை. இராமேசுவரத்தைக் கைப்பற்றி முன்னேறி, இறந்தவனின் மகன் வீரபாண்டியனை அரியணையில் ஏற்றினான்.

பொலன்னறுவைக்கு இதில் என்ன இலாபம்? பராக்கிரமபாகு பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்வரை பொலன்னறுவையே சோழரின் கையில் இருந்தது. மதுரையில் தனக்குக் கடமைப்பட்ட ஒருவன் அமர்ந்திருந்தால் சோழப்படை மீண்டும் கடல் கடப்பது எளிதல்ல. சோழருக்கோ அதே மதுரை தமது தெற்கு வாசல். ஆகவே குலசேகரன் சோழரிடம் ஓடியதும் அவர்கள் உதவியதும் வியப்பல்ல.

சோழ நாட்டில் அச்சம் எவ்வளவு இருந்தது என்பதைக் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள ஆர்ப்பாக்கக் கல்வெட்டு காட்டுகிறது. ஈழப்படை வருமோ என்று கலங்கிய எதிரிலிசோழ சம்புவராயன், உமாபதிதேவர் என்ற சைவ ஆசாரியரைப் பூசை செய்ய வேண்டினான். 28 நாட்கள் பூசை நடந்தது. பின்னர் வெற்றிச் செய்தி வர, ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குத் தானமாக வழங்கினான். பல்லவராயன் தலைமையில் சென்ற சோழப்படை இலங்காபுரனையும் பிற தண்டநாயகர்களையும் கொன்று, அவர்களின் தலைகளை மதுரை வாயிலில் அறைந்தது.

சூளவம்சத்தில் இத்தோல்வி இல்லை. அதன்படி இலங்காபுரன் வெற்றியுடன் திரும்பினான். அக்காலத்து அரச எழுத்துக்களைப் படிக்கும்போது, இருதரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே நல்லது என்பது எமது அனுபவம். சோழரின் கல்வெட்டுக்களும் தமது சறுக்கல்களைப் பேசுவதில்லை.

அடுத்து நடந்ததுதான் விசித்திரமானது. படையால் முடியாததைப் பராக்கிரமபாகு பரிசில்களாலும் ஓலைகளாலும் சாதித்தான். சோழரால் அரியணை பெற்ற குலசேகரனே அவனுடன் உறவு கொண்டு, மதுரை வாயிலிலிருந்த தலைகளை அகற்றுவித்தான். சோழருக்கு விசுவாசமான அதிகாரிகளை வெள்ளாற்றுக்கு வடக்கே விரட்டினான். அனுப்பப்பட்ட ஓலைகளும் பரிசில்களும் சோழரிடம் அகப்பட்டன. உடனே சோழர் குலசேகரனைக் கைவிட்டு, தாம் எதிர்த்துப் போரிட்ட அதே வீரபாண்டியனை ஆதரித்தனர்! பராக்கிரமபாகுவின் மருமகனும் இலங்கை அரியணைக்கு உரிமை கோரியவனுமான சீவல்லவனுக்கும் அவர்கள் அடைக்கலம் கொடுத்திருந்தனர். ஊராத்துறையில் கப்பல்கள் கட்டப்படும் செய்தி வந்தபோது, சோழர் அனுப்பியது இந்தச் சீவல்லவனைத்தான். அவனுடன் சென்ற படை அத்துறைகளை அழித்து, யானைகளையும் கவர்ந்து வந்தது. பொலன்னறுவைக்கும் சோழருக்கும் இடையிலான கணக்கு, வலிகாமத்தின் குடிகள் மீது தீர்க்கப்பட்டது. அவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று எந்தக் கல்வெட்டும் கேட்கவில்லை.

வீரபாண்டியனும் பின்னர் இலங்கை பக்கம் சாய்ந்தான். மூன்றாம் குலோத்துங்கன் விக்கிரம பாண்டியனை முன்னிறுத்தி மதுரையைப் பிடித்தான். ஆனால் சோழர் காப்பாற்றிவைத்த பாண்டியக் குடியே அவர்களுக்கு எமனாயிற்று. 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். சோழ அரசு உடனே மறையாமற் போனதற்கு ஒய்சளரே காரணம். பாண்டியர் பெருகினால் சோழருக்கும், மூன்றாம் இராசேந்திரன் தலைதூக்கியபோது பாண்டியருக்கும் அவர்கள் துணை நின்றனர். 1279இன் பின் சோழர் பெயரில் கல்வெட்டு எழுத எவரும் இருக்கவில்லை.