வாக்ஸ்மன், ஸ்டீபன்

நாட்பட்ட வலியின் வேரை நரம்பணுச் சவ்விலுள்ள ஒரு புரதம்வரை துரத்திச் சென்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர். 1945-இல் பிறந்தார். ஹார்வர்டில் பட்டம் பெற்றபின், நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் முனைவர் பட்டமும் மருத்துவப் பட்டமும் முடித்தார். 1986 முதல் 2009 வரை யேல் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் துறைத் தலைவர். அவருடைய ஆய்வுக்கூடம் இருப்பது வெஸ்ட் ஹேவனில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை வளாகத்தில்.

வலி அவருடைய முதல் பொருள் அல்ல. நரம்பிழையின் மையலின் உறை உரிந்துபோனால் மின்துடிப்பு என்னாகிறது என்பதில்தான் இளமைக்கால உழைப்பு சென்றது. அந்தத் துடிப்பைக் கிளப்புபவை சோடியம் வாயில்கள். அவற்றில் நாவ்1.7 என்னும் வகை, வலியுணர் நரம்பணுக்களில் நிறைய உண்டு; சிறு தூண்டலையும் பெரிதாக்கிக் காட்டும்.

அந்த வாயிலின் குணத்தை அம்பலப்படுத்தியது எரித்ரோமெலால்ஜியா என்ற அரிய பரம்பரை நோய். 1878-இல் பிலடெல்பியா மருத்துவர் வெயர் மிட்செல் பெயரிட்டது. காலுறை மாட்டினாலோ வெதுவெதுப்பான அறைக்குள் நுழைந்தாலோ போதும், பாதமும் கையும் சிவந்து தீயாய் எரியும். தோல் புண்ணாகும்வரை பனிக்கட்டி நீரில் காலை வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 2004-இல் சீன ஆய்வாளர்கள் இந்நோயாளிகளிடம், நாவ்1.7-ஐ உருவாக்கும் எஸ்சிஎன்9ஏ மரபணுவில் பிறழ்வைக் கண்டனர். அதே ஆண்டு வாக்ஸ்மன், டிப்-ஹாஜ், கம்மின்ஸ் குழு அது செய்யும் வேலையைக் காட்டியது: பிறழ்ந்த வாயில் சிறு தூண்டலுக்கே திறந்துகொள்கிறது, மூடவும் தாமதிக்கிறது.

இதன் மறுபக்கச் சான்று 2006-இல் கேம்பிரிட்ஜ் குழுவிடமிருந்து வந்தது. வட பாகிஸ்தானில் கையில் கத்தி செருகியும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவனுக்கு வலியே தெரியாது. அப்பகுதியில் அவனைப்போலவே வலியறியாதவர்களிடம் நாவ்1.7 வேலையே செய்யவில்லை.

அரிய நோயில் கிடைத்த திறவுகோல் பரவலான நோய்க்கும் பொருந்துமா என்ற கேள்வியே வாக்ஸ்மனின் பிற்பகுதிப் பணியைச் செலுத்தியது; அவருடைய ஆகச் சிறந்த பங்களிப்பும் இதுதான் எனலாம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவர்களுடன் சேர்ந்து, காரணம் புரியாத சிறுநரம்பிழை நோய் கொண்ட 28 பேரைச் சோதித்ததில் 8 பேரிடம் நாவ்1.7 பிறழ்வு இருந்தது (2012). வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன் எந்தப் பிறழ்வுக்குப் பலிக்கும் என்பதை அவர் குழு கணினி மாதிரியால் முன்கணித்தது. அந்தப் பிறழ்வுள்ள இருவருக்கு, போலிமருந்துடன் ஒப்பிட்ட சோதனையில் வலி குறைந்தது (2016). ஒரு குடும்பத்தில், ஒரே பிறழ்வைக் கொண்டிருந்தும் தாய்க்கு வலி குறைவு, மகனுக்கு அதிகம். தாயின் நரம்பணுக்களில் துடிப்பை அடக்கும் பொட்டாசியம் வாயில் மாறுபாடு ஒன்று இருந்ததை 2019-இல் கண்டனர்.

இந்தத் தேடலை 2018-இல் எம்ஐடி பதிப்பகம் வெளியிட்ட நூலில் அவரே எழுதியிருக்கிறார். மருந்துப் பக்கத்தில் கதை இவ்வளவு நேர்த்தியாக இல்லை. நாவ்1.7-ஐக் குறிவைத்த மருந்துகள் மனிதச் சோதனைகளில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் தடுப்பது அண்டை வாயிலான நாவ்1.8-ஐ, அந்த அனுமதியும் குறுகியகால வலிக்கு மட்டுமே.