டைப்போ3 எச்டிஎம்எல் வடிகட்டிக் குறைகள்

டைப்போ3 என்னும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பின் எச்டிஎம்எல் வடிகட்டியில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் இவை. வடிகட்டி தடுத்திருக்க வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்தைத் திறப்பவரின் உலாவியில் இயங்க இவை இடமளித்தன. இத்தகைய தாக்குதலைக் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்பர். பக்கத்தைத் திறப்பவர் தள நிர்வாகியாக இருந்தால், அந்த ஸ்கிரிப்ட் அவருடைய உரிமைகளோடு செயல்படக்கூடும்.

பின்னணி

டென்மார்க்கின் காஸ்பர் ஸ்கோர்ஹோய் தொடங்கிய டைப்போ3, பிஎச்பியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பரவலாகப் பயன்படுகிறது. உள்ளடக்கத்தைச் சரிவரச் சலிக்காததால் எழுந்த சிவிஇ-2021-32768 என்ற அடையாள எண் கொண்ட குறையை 2021 ஆகஸ்டில் சரிசெய்தபோது, இத்தனி வடிகட்டி சேர்க்கப்பட்டது. அனுமதிப் பட்டியலில் உள்ள டேகுகளையும் பண்புகளையும் மட்டுமே இது விட்டுவைக்கும்.

குறையின் தன்மை

வடிகட்டி முதலில் எச்டிஎம்எல்லைப் பகுத்து மரவடிவமாக்குகிறது. ஆகாத கிளைகளை வெட்டுகிறது. மிஞ்சியதை மீண்டும் எழுத்தாக்குகிறது. அந்த எழுத்தை உலாவி தன் வழியில் மறுபடி பகுக்கிறது. இரண்டு வாசிப்பும் வேறுபடும் இடத்தில் ஸ்கிரிப்ட் நுழைகிறது.

நோஸ்கிரிப்ட் டேக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதனுள் ஒரு பத்தி டேகும், அதன் டைட்டில் பண்பில் மேற்கோள் குறிகளுக்கு நடுவே நோஸ்கிரிப்டின் மூடு டேகும், அதையடுத்து ஆன்எரர் பண்பு கொண்ட பட டேகும் இருப்பதாகக் கொள்வோம். உள்ளடக்கத்தை டேகுகளாகப் படிக்கும் பகுப்பானுக்கு இது வெறும் தலைப்பு எழுத்து. ஸ்கிரிப்ட் இயங்கும் உலாவியோ நோஸ்கிரிப்டுக்குள் மேற்கோள் குறியைப் பொருட்படுத்தாது. மூடு டேகைக் கண்டதும் முடித்துக்கொள்ளும். அடுத்துள்ள பட டேக் உயிர்பெறும். படம் கிடைக்காதபோது ஆன்எரரில் உள்ள ஸ்கிரிப்ட் ஓடும்.

குறைகளும் திருத்தங்களும்

சிவிஇ-2022-36020: எச்டிஎம்எல் குறிப்புரைகளைப் பகுப்பதில் பிழை, 1.0.7, 2.0.16 பதிப்புகளில் திருத்தம்.

சிவிஇ-2022-23499: சிடேட்டா பகுதிகளைப் பகுப்பதில் பிழை, 1.5.0, 2.1.1 பதிப்புகளில் திருத்தம். இவ்விரண்டு பிழைகளும் வடிகட்டி சார்ந்திருந்த மாஸ்டர்மைண்ட்ஸ் எச்டிஎம்எல்5 பகுப்பானிலிருந்து வந்தவை.

சிவிஇ-2023-38500: நோஸ்கிரிப்டின் உள்ளடக்கத்தை எழுத்தாக்குவதில் பிழை, 1.5.1, 2.1.2 பதிப்புகளில் திருத்தம். இயல்நிலை அமைப்பில் நோஸ்கிரிப்டுக்கு அனுமதி இல்லை என்பதால், அதைத் தாமாக அனுமதித்த தளங்களையே இது பாதித்தது.

சிவிஇ-2023-47125: செயலாக்கக் கட்டளைகளைக் கையாள்வதில் பிழை, 1.5.3, 2.1.4 பதிப்புகளில் திருத்தம்.

இந்த வடிகட்டி தனித் தொகுப்பாகவும் கிடைக்கிறது. எனவே டைப்போ3க்கு வெளியே இதைப் பயன்படுத்தும் பிஎச்பி செயலிகளும் இத்திருத்தங்களைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும்.