போரும் காண்பியக் கலையும் (இலங்கை)

இலங்கையில் நடந்த போர்களையும் அவற்றின் விளைவுகளையும் ஓவியம், சிற்பம், நிறுவற்கலை, ஆற்றுகை, நிழற்படம், நினைவுச் சின்னம் ஆகிய வடிவங்களில் வெளிப்படுத்திய முயற்சிகளின் வரலாறு. இத்தலைப்பில் பெரும்பாலும் பேசப்படுபவை 1983 முதல் 2009 வரையிலான உள்நாட்டுப் போரையும், எண்பதுகளின் இறுதியில் தெற்கில் நடந்த கிளர்ச்சியையும் ஒட்டிய ஆக்கங்கள். இவற்றில் போர்க்களக் காட்சி அரிது. வீடு, பீப்பாய், நிலப்படம், விளக்கு, காயப்பட்ட உடல் ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. வீரனும் ஆயுதமும் முதலிடம் பெறுவது அரசும் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கமும் எழுப்பிய சின்னங்களிலும் பதாகைகளிலும்தான். கிடைக்கும் பதிவுகளில் பெரும்பகுதி கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சார்ந்தவை. திருகோணமலை குறைவாகவே இடம்பெறுகிறது.

துறைமுகமும் பழைய படங்களும்

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்துக்காக நான்கு ஐரோப்பிய அரசுகள் மோதின. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். இடித்த ஆண்டை 1622 என்பாரும் 1624 என்பாரும் உளர். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். ஒல்லாந்த மதகுரு பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் இலங்கையின் கோட்டைகளும் முற்றுகைகளும் செப்புத்தகட்டுச் சித்திரங்களாக உள்ளன. 1782 செப்டெம்பர் 3 அன்று பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் திருகோணமலைக்கு அப்பால் மோதின. இவ்விருவரின் கடற்போர்களை டொமினிக் செரஸ் என்ற ஓவியர் வரைந்தார். கடற்போர் ஓவிய மரபில் கப்பல் வரிசையே பொருள். கரையில் வாழ்ந்தவர்களுக்கு அதில் இடமில்லை.

இரண்டாம் உலகப் போர்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவில் ஒரு விமானம் எரிபொருள் தாங்கியொன்றின் மீது விழுந்து பல நாட்கள் தீ எரிந்தது. விமானி வேண்டுமென்றே மோதினார் என்பது வழிவழிச் செய்தி. சுடப்பட்டு விழுந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. உருகி வளைந்த தாங்கியின் எச்சம் நெடுங்காலம் பேணப்பட்டு வந்துள்ளது. யாரும் செதுக்காத போர்ச் சின்னமாக அதைக் குறிப்பிடலாம்.

அப்போரில் இறந்த பொதுநலவாயப் படையினருக்கான மயானம் திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியில் உள்ளது. பதவி வேறுபாடு காட்டாத, ஒரே அளவான கற்கள் இத்தகைய மயானங்களின் விதி. இதற்கு முந்திய படைக் கல்லறைகள் நகருக்குள் இருக்கின்றன. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமான சார்ள்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மியப் போரின்போது நோயுற்று இறந்து, திருகோணமலையில்தான் அடக்கம் செய்யப்பட்டார்.

இலங்கையின் நவீன ஓவியத்தைத் தொடக்கிவைத்ததாகக் கருதப்படும் '43 குழு இப்போரின் நடுவே, 1943இல், கொழும்பில் உருவானது. ஆயினும் அதன் உறுப்பினர்களுக்குப் போர் முதன்மைப் பொருளாக அமையவில்லை. அதே ஆண்டில் வங்காளத்தில் சைனுல் ஆபிதீனும் சித்தப்பிரசாத்தும் போர்க்காலப் பஞ்சத்தை நேரில் கண்டு கறுப்பு மையில் வரைந்துகொண்டிருந்தனர் என்பது ஒப்பிடத்தக்கது.

தமிழ் ஓவியரும் முதல் எதிர்வினைகளும்

யாழ்ப்பாணத்தில் 1938இல் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் ஓவியக் கழகமும், பின்னர் வந்த விடுமுறைக்கால ஓவியர் கழகமும் பள்ளி ஆசிரியர்களை ஓவியராக்கின. இவ்வழியில் வந்த அ. மாற்கு (1933–2000) யாழ்ப்பாண நவீன ஓவியத்தின் ஆசான் எனப்படுகிறார். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மக்கள் சுமந்து செல்ல முடியாதவற்றில் ஓவியங்களும் அடங்கும். மாற்குவின் ஆக்கங்கள் பலவும் போரில் அழிந்தன. அவரிடம் பயின்ற வாசுகி பின்னர் மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தோடு இணைந்து, போரில் பெண்கள் பட்ட துயரைத் தன் வண்ணங்களின் மையமாக்கினார். கவிஞரும் அரசியல் கட்டுரையாளருமான நிலாந்தனும் ஓவியரே.

திருகோணமலையில் பிறந்த தருமு சிவராம் (பிரமிள், 1939–1997) கவிஞராகவே நினைக்கப்படுகிறார். ஓவியத்திலும் சிற்பத்திலும் அவருக்குப் பயிற்சி இருந்தது. இனப்போர் பற்றி அவர் எழுதிய 'ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை' எண்பதுகளில் தமிழ்நாட்டில் வெளிவந்தது.

தொண்ணூறுகளின் போக்கு

பதிவு பெருகுவது இக்கட்டத்திலிருந்துதான். தொல்லியலாளரும் ஓவியருமான ஜகத் வீரசிங்க 1992இல் கொழும்பில் 'பதகளிப்பு' என்ற பொருள்படும் தலைப்பில் கண்காட்சி நடத்தினார். கிளர்ச்சியில் எரிக்கப்பட்ட உடல்களையும் இனப்போரையும் கண்ட தலைமுறையின் மன அலைவு அதில் வெளிப்பட்டது. அதையொட்டி எழுந்த ஆக்கங்களைத் 'தொண்ணூறுகளின் போக்கு' என்று அவர் பெயரிட்டார். இப்பெயர் வழக்கில் நிலைத்துவிட்டாலும், அது கொழும்பைச் சூழ்ந்த கலைஞர்களையே முதன்மையாகக் கருதுகிறது, வடக்கிலும் கிழக்கிலும் அதே காலத்தில் நடந்தவை அதற்குள் முழுமையாக அடங்கா என்ற மறுப்பும் உண்டு.

மொஸ்கோவில் பயின்ற சந்திரகுப்த தேனுவர 1997இல் பீப்பாய்களைக் கலைப் பொருளாக்கினார். கொழும்பின் சோதனைச் சாவடிகளில் வீதியை மறித்து நின்ற தார்ப் பீப்பாய்களுக்கு இராணுவ உடையின் பச்சை, கபில வண்ணம் பூசப்பட்டிருந்தது. அவற்றை அவர் காட்சியறைக்குள் கொண்டுவந்து அடுக்கினார். நகரவாசிகள் நாள்தோறும் கடந்து சென்று, பார்ப்பதையே விட்டுவிட்ட பொருள் அது. இவ்வகை ஆக்கங்களுக்குப் 'பீப்பாயியம்' என்று பெயர் வைத்தார். 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கறுப்பு ஜூலை வன்முறையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் கண்காட்சி நடத்துவதை அவர் வழக்கமாக்கினார்.

எம்பிலிப்பிட்டியில் பாதுகாப்புப் படையினரால் கடத்தப்பட்டுக் காணாமற்போன பாடசாலை மாணவர் நினைவாக வீரசிங்க வடிவமைத்த சின்னம் 1999இல் பாராளுமன்றத்துக்கு அண்மையில் பத்தரமுல்லையில் அமைந்தது. மாணவர் தொகை மூலத்துக்கு மூலம் மாறுகிறது. பராமரிப்பின்றிச் சிதைந்த அச்சின்னம் 2010களின் தொடக்கத்தில், நகர அழகுபடுத்தல் வேலைகளின்போது அகற்றப்பட்டது.

2000ஆம் ஆண்டில் தோன்றிய 'தீர்த்த' கலைஞர் கூட்டமைப்பில் வீரசிங்க, அனோலி பெரேரா, பந்து மனம்பேரி, பாலா போத்துப்பிட்டிய முதலியோர் இயங்கினர். மனம்பேரி தன் உடலைக் கட்டுத்துணியால் சுற்றிக்கொண்டு ஆற்றுகைகள் செய்தார். சடங்குக் கலைக் குடும்பத்தில் வந்த போத்துப்பிட்டிய, அரச நிலப்படங்களின் மேல் கோடு கோடாக வரைந்து அவற்றை விலங்குகளும் ஆயுதங்களும் நிறைந்த வேறு நாடாக மாற்றினார். யாழ்ப்பாண நிலப்படமும் அவ்வாறு மாற்றப்பட்டது.

அகம் புறமும் சனாதனனும்

2002 பெப்ரவரிப் போர்நிறுத்தம், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதியைத் திறந்தது. 2004இல் 'அகம் புறம்' என்ற கண்காட்சி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்தது. 1981இல் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்து, அப்போதுதான் மீளக் கட்டப்பட்டிருந்த கட்டடம் அது. தெற்குக் கலைஞர் பலர் முதன்முறையாக யாழ்ப்பாண மக்கள் முன் தம் ஆக்கங்களை வைத்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் தா. சனாதனன் அங்கே மக்களின் வீடுகளிலிருந்து திரட்டிய பொருள்களைக் கொண்டு 'வரலாறுகளின் வரலாறு' என்ற நிறுவலை அமைத்தார். போர் விட்டுவைத்த சின்னஞ்சிறு பொருள்கள் நூலகத்தில் நூல்களுக்குரிய இடத்தில் வைக்கப்பட்டன.

அவரது 'முற்றுப்பெறாத தோம்பு' 2011இல் ஷர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகத்தின் வழி நூலாக வந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி விதிக்கப் பேணிய காணிப் பதிவேடு. சனாதனன் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களைச் சந்தித்து, இழந்த வீட்டின் தரைப்படத்தை அவரவர் கையாலேயே வரையச் சொன்னார். அந்தக் கோணல் கோடுகள் முதல் தாளில் உள்ளன. அடுத்து, கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்த படம். அதற்கடுத்து, அவர்கள் சொன்ன நினைவைக் கேட்டுச் சனாதனன் தீட்டிய சித்திரம். நூல் அலுவலகக் கோப்புப் போன்ற தோற்றம் கொண்டது. எந்தக் கச்சேரியிலும் செல்லாத இந்த உறுதிகள், உறுதிக்குரிய முறைமையோடு தொகுக்கப்பட்டுள்ளன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் இழப்பும் இத்தகைய நினைவுகளில் சேரும் என்பதால், இந்நூல் ஒரு தரப்பின் ஆவணமாக அமையவில்லை என்பது பொதுவான மதிப்பீடு.

2016 கொச்சி–முசிறி பினாலேயில் அவர் நூலக அட்டைப் பெட்டியொன்றை வைத்தார். இழுப்பறைகளில் இருந்த அட்டைகள், வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்த போர்க்காலத்தில் மக்கள் கைக்கொண்ட பிழைப்பு உத்திகளைப் பதிவுசெய்தன. யாழ்ப்பாணத்தார் மறக்காத அக்கால உத்திகள் சிலவற்றை இங்கே குறிப்பிடலாம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கே மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றினால் விளக்கு இரவு முழுவதும் தாங்கும். மாணவர் பரீட்சைக்குப் படித்தது இவ்வெளிச்சத்தில். கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியை ஒருவர் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தியை மற்றவர்கள் கேட்பர். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலால் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கர் வீட்டு வளவின் ஓர் அங்கமாயிற்று. 2019இல் வந்த அவரது மற்றொரு நூல் போர் தந்த சொற்களை அரிச்சுவடி வடிவில் தொகுத்தது.

திருகோணமலை, 2006

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்ததாக முதலில் கூறப்பட்டது. பிரேத அறையில் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து 'சுடர் ஒளி' நாளிதழில் வெளியான படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்லும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் கைதானவர்கள் 2019இல் போதிய சாட்சியமில்லை என விடுவிக்கப்பட்டனர். செய்திப் படத்தைக் கலை வரலாற்றில் சேர்ப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இத்துறைமுக நகரிலிருந்து வெளிவந்த போர்ப் பிம்பங்களில் இவற்றை விட விளைவு மிக்கவை இல்லை எனலாம். அவ்வாண்டு ஜூலையில் இதே மாவட்டத்தின் மாவிலாற்றில் இறுதிக் கட்டப் போர் மூண்டது. சம்பூர் மக்கள் பல ஆண்டுகள் ஊர் திரும்ப முடியவில்லை.

இயக்கக் கலை

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில், இறந்த போராளிகளின் மயானங்களான துயிலும் இல்லங்கள், பதாகைகள், நிழற்படங்கள் வழியே தனிக் காட்சிமொழி வளர்ந்தது. போர்நிறுத்தக் காலத்தில் தமிழ்நாட்டு ஓவியர் புகழேந்தியின் ஈழ ஓவியங்கள் வன்னியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவை பரப்புரையா கலையா என்பதில் ஆய்வாளர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. துயிலும் இல்லங்கள் படையினரால் இடிக்கப்பட்டன.

2009க்குப் பின்

அரசு ஆனையிறவு, புதுக்குடியிருப்பு முதலிய இடங்களில் வெற்றிச் சின்னங்கள் எழுப்பியது. புதுக்குடியிருப்பில் துப்பாக்கியும் கொடியும் ஏந்திய படைவீரன் நிற்கிறான். போர் முடிவுற்ற இடமான முள்ளிவாய்க்காலின் பெயரால், தமிழ்நாட்டின் தஞ்சாவூர் விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் 2013 நவம்பரில் திறக்கப்பட்டது. கற்சிற்பங்களில் இறுதிப் போரைக் காட்டும் இதன் உருவாக்கத்தில் ஓவியர் வீர சந்தானம் (இறப்பு 2017) பங்கேற்றார். திறந்த சில நாட்களில் அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டு, மாணவர் போராட்டத்தின் பின் அதே ஆண்டு மீளக் கட்டப்பட்டது. கனடாவின் பிரம்ரனில் 2025 மே மாதம் தமிழின அழிப்பு நினைவகம் திறக்கப்பட்டது.

இலண்டனில் வளர்ந்த கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ், போருக்குப் பிந்திய கொழும்புக் கலைச்சந்தையின் எழுச்சியையே கேள்விக்கு உட்படுத்தும் ஆக்கங்களைச் செய்துள்ளார். 2016 பெர்லின் பினாலேயில் அவரது 'நியூ ஈழம்' இடம்பெற்றது.

கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் முதற் கண்காட்சிக்குக் கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்து பெயரெடுத்தது. மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற இளையோர், காணாமல் ஆக்கப்பட்டோர், காணி, பெண்களின் உழைப்பு ஆகிய பொருள்களில் இயங்கிவருகின்றனர்.