சிங்கைத் தெருக்கள் புகட்டும் பாடம்

பல நாட்டாரும் குடியேறிய ஊரில் ஒற்றுமை தானே வளரும் என எண்ணுவோர் உளர். சிங்கப்பூரின் வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

1819இல் ஆங்கிலேயர் அங்கு வணிகத்தளம் அமைத்ததும், சோழமண்டலக் கரையினின்று தமிழ் முஸ்லிம்கள் கப்பலேறிச் சென்றனர். அவர்கட்கு அங்கு வழங்கிய பெயர் 'சூலியா' என்பதாம். 1822இல் ராஃபிள்ஸ் வகுப்பித்த நகரத் திட்டம், சீனருக்கும் சூலியாக்களுக்கும் அராபியருக்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியது. ஆயினும் வாழ்க்கை அக்கோடுகளுக்குள் அடங்கவில்லை. சீனர் மிகுந்த சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் சூலியாக்கள் ஜாமிஆப் பள்ளிவாசலை நிறுவினர். மறு ஆண்டே அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது. இன்றும் அங்கு ஒரு தெரு பள்ளிவாசலின் பெயரையும், அடுத்த தெரு கோயிற் கோபுரத்தின் பெயரையும் தாங்கியுள்ளன. அந்நாளில் கடற்கரையாயிருந்த தெலுக் ஆயர் தெருவில், 1830இல் கட்டி முடிந்த நாகூர் தர்காவும், 1842இல் நிறைவுற்ற சீனரின் தியான் ஹொக் கெங் கோயிலும் அண்மையில் நிற்கின்றன.

அண்டை வீட்டாராய் இருந்தமையால் மட்டும் அமைதி நிலைத்துவிடவில்லை. 1964 ஜூலை 21இல் மீலாது ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் இடையே கலவரம் மூண்டது. செப்டம்பரில் மீண்டும் வெடித்தது. இருமுறையும் சேர்த்து 36 உயிர்கள் மாய்ந்தன. 1965இல் தனிநாடாகிய சிங்கப்பூர், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஆட்சிமொழிகளாகக் கொண்டது. 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஓரினத்தாரே குவியாதபடி வரம்பும் விதித்தது. நல்லிணக்கத்திற்குச் சட்டத்தின் காவலும் வேண்டும் என அந்நாடு உணர்ந்தது.

எனினும், காக்க வந்த சட்டமே மக்களைச் சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் என நான்காகப் பகுக்கிறது. தமிழ் முஸ்லிமோ மார்க்கத்தால் மலாய்ச் சகோதரருடன் ஒரே அணியில் தொழுபவர், தாய்மொழியால் தமிழர். ஒரு பெட்டியில் அவரை அடைத்தால் மறுபாதி வெளியே நிற்கும். தமிழ் மரபும் கலந்த குடும்பத்தில் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ் மலாய் உரைநடைக்கு வழிகாட்டியானார். 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். ஒருவர் புகுந்த மண்ணின் மொழியை வளர்த்தார். மற்றவர் கொண்டுசென்ற மொழியைக் காத்தார். இருவரும் நம்மவரே.

ஆதலின், குடியேறியவரிடம் 'நீ யார்?' என வினவும் நாடு, ஒற்றைச் சொல்லில் விடை கேட்கலாகாது. நம் பிள்ளைகளும் அவ்வினாவிற்கு அஞ்சித் தம் இரு உரிமைகளுள் ஒன்றைக் கைவிடலாகாது.