டெங்குக் காய்ச்சலில் ரத்த உறைவும் வெள்ளணுக்களும்

டெங்கு, ஏடிஸ் எஜிப்தி என்னும் கொசு கடிப்பதால் பரவும் வைரஸ் காய்ச்சல். வைரஸில் நான்கு வகை உண்டு. இந்நோயில் ரத்தத் தட்டணுக்கள் குறைவதற்கும் ரத்தம் கசிவதற்கும் வைரஸ் மட்டும் காரணமல்ல; அதை எதிர்க்கக் கிளம்பும் வெள்ளணுக்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. டெங்குவை ஒத்த காய்ச்சல் 1780-இல் சென்னையில் பரவியதாகப் பதிவு உள்ளது. வைரஸ் ஆய்வால் உறுதியான முதல் இந்தியப் பரவல் 1963–64-இல் கல்கத்தாவில் நேர்ந்தது. தமிழ்நாட்டை 2012-லும் 2017-லும் இந்நோய் கடுமையாகத் தாக்கியது.

கொசு என்றதும் மழையும் சாக்கடையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஏடிஸ் நல்ல தண்ணீரில் வளர்வது. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மானாவாரிப் பகுதிகளில் குழாயில் தண்ணீர் வரும் அன்றே குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தால்தான் மற்ற நாட்கள் ஓடும். இதில் வீட்டுப் பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். கடுகைவிடச் சிறிய கரிய முட்டைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, டிரம் காய்ந்து கிடந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணியால் வாய்கட்டி வைக்க வேண்டும்.

இனி, கொசு கடித்தபின் உடலுக்குள் நடப்பது. கையில் அரிவாள் பட்டால் தட்டணுக்கள் காயத்தில் ஒட்டி அடைக்கின்றன. உறைவுப் புரதங்கள் அதன்மேல் நார்வலை பின்னுகின்றன. வைரஸ் தாக்கும்போது காயமே இல்லாமல் இந்த வேலை தொடங்கிவிடுகிறது. மோனோசைட் என்னும் வெள்ளணு திசுக்காரணி என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் காட்டி உறைவைத் தூண்டும். நியூட்ரோபில் அணுக்கள் தம் மரபிழைகளையே வலையாக வெளியே வீசும். இதை 2004-இல் பெர்லின் ஆய்வாளர்கள் விவரித்தனர். கிருமியைச் சிறைப்பிடிக்கும் இந்த ஏற்பாடு அளவு மீறும்போது கேடாகிறது. கொரோனா நோயாளிகளின் நுரையீரல் நாளங்களில் ரத்தக் கட்டிகள் அடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பலருக்கு ஹெபாரின் ஊசி போட்டார்கள்.

டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் அடைப்பாக வருவதில்லை, கசிவாக வருகிறது. வைரஸ் ஒட்டிய தட்டணுக்கள் விழித்தெழுந்து மோனோசைட்டுகளோடு பிணைகின்றன. மோனோசைட்டுகள் அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன. சேதப்பட்ட தட்டணுக்களை மேக்ரோபேஜ் அணுக்கள் விழுங்குகின்றன. தொடக்க நாட்களில் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியும் மந்தமாகிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை இப்படித்தான் சரிகிறது. இதற்கிடையே அழற்சிப் பொருட்களும் என்எஸ்1 என்னும் வைரஸ் புரதமும் நுண்நாளங்களின் உட்பூச்சை அரிக்க, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே ஒழுகுகிறது. ரத்த அழுத்தப் பட்டையை நோயாளியின் கையில் 5 நிமிடம் இறுக்கிவைத்து எடுத்தால், ஒரு சதுர அங்குலத்துக்குள் 10-க்கு மேற்பட்ட சிவப்புப் புள்ளிகள் பூத்திருப்பதைப் பலரிடம் கண்ணாலேயே காணலாம்.

வேறு வகை வைரஸால் இரண்டாம் முறை டெங்கு வருபவருக்குக் கவனம் கூடுதலாகத் தேவை. பழைய எதிர்ப்பொருள் புதிய வைரஸைக் கொல்லாமல் ஒட்டிக்கொள்ள, மோனோசைட் அதை எளிதாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. வைரஸ் அங்கேயே பெருகுகிறது.

வீடுகளில் தட்டணு எண்ணிக்கையைப் பற்றி, 'கவுண்ட் எவ்வளவு' என்ற கேள்விதான் முதலில் எழும். அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொள்வது சரியல்ல. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ரத்தப்போக்கில்லாதவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியது ரத்தப்போக்கைக் குறைக்கவில்லை. கசிவின் உச்சம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் 24 முதல் 48 மணி நேரத்தில் வருகிறது. 'காய்ச்சல் விட்டுருச்சு, நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பலாம்' என்று தாய் நிம்மதியடையும் அதே நாள்தான் அது. அன்று விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் எதைக் கண்டாலும் பிள்ளையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்; ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தப்போக்கைக் கூட்டும் என்பதால் கூடாது.